பியூயிக்கின் மரக்கட்டைப் பறவைகள்

வெள்ளைத் தாளில் பறவை வரைபவர் நிழலைத் தீட்டுகிறார். தாமஸ் பியூயிக் செய்தது நேர் எதிர். அவருடைய உளி பட்ட இடமெல்லாம் அச்சில் வெளிச்சமாக வரும்.

இங்கிலாந்தின் நியூகாசிலில் செதுக்குத் தொழில் செய்தவர் இவர். பிரிட்டிஷ் பறவைகளைப் பற்றிய இவருடைய நூலின் முதல் தொகுதி 1797இல் வந்தது. ராபின், ரென், வானம்பாடி எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் நுணுக்கமான படம் என்றால் செப்புத்தகடுதான். கீறிய பள்ளத்தில் மை நிற்கும். ஈரத்தாளை உருளையில் அழுத்தி அதை எடுக்க வேண்டும். அச்செழுத்துக்கோ மேட்டில்தான் மை. அதனால் படத்துக்குத் தனி அச்சு, எழுத்துக்குத் தனி அச்சு. மரக்கட்டை என்றால் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி மேட்டில் மை ஏறும், எழுத்தோடு சேர்த்தே அடிக்கலாம். ஆனால் நீளவாக்கில் அறுத்த பலகையில் ரேகைக்குக் குறுக்கே கத்தி போனால் சிம்பு தெறிக்கும்.

இதற்கு வழி, வாழைத்தண்டை வில்லை போடுவதுபோல மரத்தைக் குறுக்கே அறுப்பது. அந்த முகத்தில் உளி எந்தப் பக்கமும் ஓடும். இதற்கேற்ற மரம் பாக்ஸ்வுட்; மெதுவாக வளர்வதால் கெட்டி, ஆனால் அதிகம் பருக்காது. பியூயிக்கின் பறவைகள் உள்ளங்கைக்குள் அடங்குவதற்கு இதுதான் காரணம்.

ஸ்டார்லிங்கை எடுத்துக்கொள்வோம். நம் மைனாவின் உறவுக்காரப் பறவை. கரிய உடலெங்கும் வெளிர்ப் புள்ளிகள். செம்பில் என்றால் புள்ளிகளை விட்டுவிட்டு மீதி உடலையெல்லாம் கீறிக் கறுப்பாக்க வேண்டும். மரத்தில் ஒரு குத்து, ஒரு புள்ளி. கறுப்பு ஏற்கெனவே அங்கே இருக்கிறதே! இறகின் ஓரம் மினுங்க வேண்டுமா? மெல்லிய ஒரு கோடு போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பின்னணியில் அவர் செய்த வேலை. தூரத்து மரமும் வேலியும் மங்கலாகத் தெரிய வேண்டும், மையோ ஒரே கறுப்பு. அதனால் கட்டையில் அந்த இடத்தை மட்டும் மயிரிழை அளவு முதலிலேயே சுரண்டித் தாழ்த்திவிடுவார். அங்கே அழுத்தம் குறையும், கோடு சாம்பலாக விழும்.

சரி, மாதிரிக்குப் பறவை? 1791இல் விக்ளிஃப் என்ற ஊரில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைப் பார்த்து வரையப் போனார். பஞ்சடைத்த உடம்பில் நிற்கும் தோரணையே தப்பாக இருந்தது. அப்புறம் உயிரோடு கிடைத்தவற்றையும் அப்போதுதான் சுட்டவற்றையுமே நம்பினார்.

செப்புத்தகடு சில ஆயிரம் பிரதிகளில் தேய்ந்துவிடும். செய்தித்தாள் ஒன்றுக்காக பியூயிக் செதுக்கிய சின்ன நியூகாசில் காட்சியோ, 9 லட்சம் தடவைக்கு மேல் அச்சாகியும் வேலையில் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.