நள்ளிரவில் வந்து எடுத்துப்போகும் சர்வர்

மும்பை தாராவியில் தோல் பைகள் தைத்து ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றின் அலுவலகம் சயானில் இருக்கிறது. 12 கணினிகள். முதலாளி திருநெல்வேலிக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. பேக்கப், அதாவது கோப்புகளின் காப்பு நகல், எங்கே என்று நான் கேட்டதும் இழுப்பறையைத் திறந்து ஒரு ஹார்டு டிஸ்கை எடுத்து வைத்தார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன்மேல் காய்ந்திருந்தது. செருகிப் பார்த்தோம். அதிலிருந்த கடைசிக் கோப்புக்கு 7 மாத வயது.

நகல்களை வைத்திருப்பதற்கென்றே தனியாக ஒரு கணினி, ஒரு பேக்கப் சர்வர், வைத்துவிடலாம் என்று முடிவானது. எவ்வளவு பெரிய டிஸ்க் வாங்கலாம் தம்பி என்று கேட்டார். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எத்தனை நாள் பழைய கோப்பு வரை திரும்பக் கிடைக்க வேண்டும்? எல்லாம் அழிந்துபோனால் எத்தனை மணி நேரத்தில் வேலை மறுபடி தொடங்க வேண்டும்? இரண்டு மாதம், அரை நாள் என்றார் அண்ணாச்சி.

மொத்தக் கோப்புகள் 600 ஜிகாபைட். ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட் போகும். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் திரும்பிவிடும். ஆனால் சோதித்தபோது 11 மெகாபைட்தான் போனது. அந்தக் கணக்குப்படி 15 மணி நேரம். காரணம், பரணில் எலி கடித்த கேபிள். ஜிகாபிட்டுக்கு கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி போனாலும் பல நேரங்களில் இணைப்பு சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு, அதாவது நொடிக்குச் சுமார் 11 மெகாபைட்டுக்கு, இறங்கிவிடும். இணையம் வழக்கம்போல ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

முதல் நாள் எல்லாவற்றையும் நகலெடுத்தாக வேண்டும். மறுநாளிலிருந்து மாறியதை மட்டும் எடுத்தால் போதும். எது மாறியது என்று எப்படித் தெரியும்? கோப்பின் தொடக்கத்தில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் பின்னால் இருப்பவை எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். துண்டு துண்டாக ஒப்பிட்டால் எல்லாத் துண்டுகளும் மாறியதாகவே தெரியும். இதற்கு ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996இல் கண்ட வழிதான் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் மென்பொருளின் உயிர்.

சர்வர் தன்னிடமுள்ள பழைய கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டுத்தொகை கணக்கிட்டு அனுப்புகிறது. கணினி தன் புதிய கோப்பின்மேல் அதே அளவுள்ள சட்டகம் ஒன்றை ஒவ்வொரு பைட்டாக நகர்த்திக்கொண்டே போகிறது. ஒரு பஸ்ஸில் இருப்பவர்களின் மொத்த வயதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இறங்கி ஒருவர் ஏறினால் எல்லாரையும் மறுபடி விசாரிக்க வேண்டாம். இறங்கியவரின் வயதைக் கழித்து ஏறியவரின் வயதைக் கூட்டினால் முடிந்தது. இந்த நகர்த்தல் வேகமாக நடப்பதற்கு அதுவே காரணம். வேறு ஆட்கள் நிறைந்த இன்னொரு பஸ்ஸுக்கும் அதே மொத்த வயது வரலாம் என்பதால், தொகை ஒத்துப்போகும் இடத்தில் மட்டும் இன்னொரு வலுவான கணக்கைப் போட்டு உறுதி செய்கிறது. ஒத்த துண்டுகளுக்கு எண் மட்டும் போகிறது. புதிய பைட்டுகள் மட்டுமே கேபிளில் பயணிக்கின்றன. சுருக்கப்பட்ட கோப்புகளில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. ஓரிடத்தில் கை வைத்தால் அதற்குப் பின்னால் எல்லாமே மாறிவிடும்.

இது கேபிளை மிச்சப்படுத்துகிறது, டிஸ்கை அல்ல. சர்வரில் நாளுக்கு ஒரு கோப்புறை; மாறிய கோப்பு அதில் முழுசாகத்தான் உட்காரும். மாறாத கோப்புகளுக்கு மட்டும் ஹார்டு லிங்க் உண்டு: 60 நாள் கோப்புறைகளிலும் அவை தெரியும், டிஸ்கில் இருப்பது ஒரே பிரதி. நாளுக்கு 6 ஜிகாபைட் மாறுகிறது என்றால் 60 நாளில் 360, பழையதோடு சேர்த்து 960. வளர்ச்சிக்கும் இடம்விட்டு 4 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கினோம். ஒன்று மற்றொன்றின் கண்ணாடி. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும். நீங்கள் தவறாக அழித்ததையோ, கண்ணாடி அதே நொடியில் தானும் அழித்துவிடும்.

சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: கணினிகள் சர்வருக்குள் எழுதும்படி அமைத்துவிடுகிறார்கள். 2017 மே மாதம் வானாக்ரை பரவியதுபோல கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஒன்று புகுந்தால், கணினி எழுதக்கூடிய இடமெல்லாம் பூட்டப்படும், பேக்கப்பும் சேர்த்துத்தான். அதனால் போக்கைத் திருப்பினோம். இரவு 11 மணிக்கு, கணக்கு மென்பொருளை மூடிய பிறகு, சர்வரே ஒவ்வொரு கணினியாகப் போய்ப் படித்து எடுத்துக்கொள்கிறது. எந்தக் கணினியிலும் சர்வரின் கடவுச்சொல் இல்லை. இன்று பூட்டப்பட்ட கோப்பு வந்தாலும் அது இன்றைய கோப்புறையில் மட்டும் இருக்கும். நேற்றையது அப்படியே கிடக்கும்.

சட்டமும் ஒரு பக்கம் இருக்கிறது. கம்பெனிகளின் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் செய்த திருத்தத்தின்படி, கணக்கை மின்வடிவில் வைத்திருக்கும் கம்பெனிகள் அதன் பேக்கப்பை இந்தியாவில் இருக்கும் சர்வரில் நாள்தோறும் எடுக்க வேண்டும்.

சர்வரைத் தரையில் வைக்க நான் சம்மதிக்கவில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அது அபூர்வம் என்றால், பக்கத்து கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்க அவ்வளவு மழை தேவையில்லை. சுவரில் தலை உயரத்தில் தாங்கி அடித்து யுபிஎஸ்ஸோடு ஏற்றினோம். இன்னொரு பிரதி, கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய டிஸ்கில், சனிக்கிழமைதோறும் லோக்கல் ரயிலில் தானேயிலுள்ள அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறது. போன வாரத்து டிஸ்க் திரும்பி வருகிறது. இழுப்பறையில் கிடந்த பழைய டிஸ்குக்கு ஓய்வு.

முதல் மாத இறுதியில் மீட்புச் சோதனை. கணக்கு பார்க்கும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோப்புறையைத் தொட்டார். வேலைக்காரர்களின் சம்பளப் பட்டியல். கோப்புகளுக்கு அவர் தமிழிலேயே பெயர் வைத்திருந்தார். சர்வரில் அந்தப் பெயர்களுக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகள் நின்றன, ஒன்றும் திறக்கவில்லை. எழுத்துக் குறியாக்கத்தை யூனிகோடுக்கு மாற்ற நான் மறந்திருந்தேன். ஒரு வரி அமைப்பைத் திருத்தி, அன்று இரவே அந்தக் கோப்புறையை மறுபடி எடுக்க வைத்தேன். மறுநாள் காலையில் அக்கா தன் கையாலேயே 4 கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகுதான் டீ வாங்கித் தந்தார்.