கை வந்துவிட்டது, களைப்பு போகவில்லை

பக்கவாதத்துக்குப் பிறகும் தீராத களைப்போடு இந்த மாதத்தில் என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாமவர். வங்கிக் காசாளர், வயது 46. பக்கவாதத்தில் விழுந்த வலது கை இரண்டே மாதத்தில் கையெழுத்துப் போடும் அளவுக்குத் தேறியதும், முழு நேரப் பணிக்குத் திரும்பிவிட்டார். பதினொரு மணிக்கு மேல் எண்கள் மனத்தில் நிற்பதில்லை; மதியம் மேசையில் தலை சாய்கிறது. நடிக்கிறார் என்று அலுவலகத்தில் பேச்சு. மனைவியோ, "உடம்பில் சத்தே இல்லை டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள்" என்கிறார்.

எத்தனை பேருக்குத்தான் சொல்வது? அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லி சாப்பிட்டாலே அந்தச் சக்தி கிடைத்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு அதுவும் வம்பு. டானிக், சத்துமாவு, ஆட்டுக்கால் சூப் எதுவும் இந்தக் களைப்பைத் தொடாது. அடிபட்டது மூளை. முன்பு தானாக நடந்த வேலையை இப்போது அது முக்கி முனகிச் செய்கிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த அயர்ச்சி உண்டு. லேசாக வந்துபோனவர்களையும் விடுவதில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தாலும் தீராது.

ரத்தசோகை, தைராய்டு, சோடியம், குறட்டையோடு மூச்சுத் தடைபடுவது, மனச்சோர்வு ஆகியவற்றை நாங்கள் பார்த்துவிடுவோம். சில மாத்திரைகளும் அசதி தரும். அதை எங்களிடம் சொல்லுங்கள், நீங்களே நிறுத்தாதீர்கள். இவர் பத்து நாளாக ரத்த அழுத்த மாத்திரையைத் தொடவில்லை. அன்று அளந்தபோது 180. அடுத்த பக்கவாதத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது இதுதான்.

முதல் சில வாரங்கள் அரை நாள் போதும். கணக்கு வேலையைக் காலையிலேயே முடியுங்கள். களைத்த பிறகு அல்ல, களைக்கும் முன்பே பத்து நிமிடம் கண்ணை மூடுங்கள். நெரிசல் பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் அன்றைய தெம்பில் பாதி வழியிலேயே தீரும். நேரத்தை மாற்றிக் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை அரசு, பொதுத்துறை நிறுவனங்கள் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. மேலாளர்களே, நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

திடீரென வாய் கோணினால், பேச்சு குழறினால், கை தளர்ந்தால் அது களைப்பு அல்ல. உடனே 108.

காசாளர் இப்போது கவுன்டரில் இல்லை. உள்ளே கோப்பு வேலை, பகல் ஒரு மணிக்கு வீடு. போன வாரம் வந்தபோது முகத்தில் தெளிவு இருந்தது. மனைவி மட்டும் கதவருகே நின்று, "டானிக்காவது எழுதித் தரக்கூடாதா டாக்டர்?" என்றார்.