பெயின்டுக்கு அடியில் மரம் எப்படி மக்குகிறது?

மழையில் நனையும் நிலைக்காலின் அடிப்பாகத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மேலே எனாமல் பெயின்ட் பளபளவென்று இருக்கும். சில வீடுகளில் முனை தடையே இல்லாமல் உள்ளே இறங்கிவிடும். தோண்டினால் பழுப்பு நிறத்தில், சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்த மரம் வரும். விரலில் தேய்த்தால் தூளாகிவிடும். கரையான் தின்ற மரத்தில் மண் இருக்கும், இதில் இருக்காது. இது பூஞ்சையின் வேலை.

மரத்துக்கு வலு தருவது செல்லுலோஸ் இழைகள். அவற்றைப் பிணைத்து வைத்திருப்பது லிக்னின். பூஞ்சையின் என்சைம்கள் அளவில் பெரியவை என்பதால் செல் சுவரின் நுண்துளைகளுக்குள் நேரடியாக நுழைய முடியாது. அதனால் இந்த வகைப் பூஞ்சை முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடையும் இரும்பு அயனிகளையும் வினைபுரிய வைக்கிறது. அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள், அதாவது எதையும் உடனே தாக்கும் துகள்கள், இழைகளைத் துண்டுதுண்டாக நறுக்குகின்றன. என்சைம்கள் அப்புறம்தான் வருகின்றன. லிக்னின் பெரும்பாலும் மிஞ்சிவிடுவதால்தான் அந்தப் பழுப்பு நிறம். மரத்தின் எடையில் 10% குறைவதற்கு முன்பே வலுவில் பாதிக்கு மேல் போய்விடலாம். வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே இற்றுப்போவது இப்படித்தான்.

இதற்கெல்லாம் ஈரம் வேண்டும். நன்கு காய்ந்த மரத்தில் ஈரம் 12% அளவில் இருக்கும். அதில் பூஞ்சை வளராது. 20%-ஐத் தாண்டினால் ஆபத்து, 30%-ஐ நெருங்கினால் அதற்குக் கொண்டாட்டம்.

பெயின்ட் அடித்த மரத்துக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது? மரத்தின் வெட்டுமுகம், அதாவது குறுக்கே அறுத்த முனை, ஒரு கட்டு உறிஞ்சுகுழல் மாதிரி. பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக நீரை இழுக்கும். நனைந்த மரம் குறுக்குவாட்டில் உப்பும், நீளவாட்டில் அநேகமாக அசையாது. செங்குத்துச் சட்டமும் படுக்கைச் சட்டமும் சேரும் மூட்டில் இரண்டும் வேறு வேறு திசையில் இழுக்க, வயதாகி விறைத்த பெயின்ட் அங்கே மயிரிழையாக விரிகிறது. மழைநீர் அந்த வெடிப்பு வழியே உள்ளே போகிறது. ஆவியாகி வெளியேற விடாமல் அதே பெயின்ட் தடுக்கிறது. ஈரமான மரத்துக்கு மேல் இன்னொரு கோட்டிங் அடிப்பது பூஞ்சைக்குச் செய்யும் உபகாரம்தான்.

மக்கிய இடத்தில் பட்டி வைத்து மூடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உளி கெட்டியான மரத்தைத் தொடும்வரை செதுக்கி எடுக்க வேண்டும். அப்புறம், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துச் சரிசெய்து, மரத்தை முழுசாகக் காயவிட வேண்டும். ஒட்டுப்போடும் துண்டு வைரம் பாய்ந்த பகுதியாக இருக்கட்டும். தேக்காகவே இருந்தாலும் அதன் வெள்ளைப் பகுதி சீக்கிரம் மக்கும். இணைப்பை, தண்ணீர் வெளிப்பக்கம் வழியும்படி சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். துண்டைப் பொருத்துவதற்கு முன்பே வெட்டுமுகத்துக்கு இரண்டு மூன்று தடவை பிரைமர் அடிக்க வேண்டும்.

வெயிலில் சாம்பல் பூத்த மரத்தில் மேற்பரப்பு லிக்னின் சிதைந்திருக்கும். புது மரம் தெரியும்வரை உப்புத்தாள் போட்டால்தான் பெயின்ட் பிடிக்கும்.

கதவின் அடிவிளிம்பையும் பாருங்கள். கண்ணில் படாது என்பதால் பெரும்பாலும் வெறும் மரமாகவே விட்டுவிடுகிறார்கள். கீலைக் கழற்றி, கதவைப் படுக்கவைத்து அங்கேயும் அடிக்கச் சொல்லுங்கள்.