சீட் பெல்ட் வரவில்லையா? கழற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

ஹட்டனில் வண்டி சீட்டுகளுக்குக் குஷன் வேலை செய்கிறேன். "அண்ணே, பெல்ட் பழுது, மாத்தித் தாங்க" என்று வருகிற பல கார்களில் பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பெல்ட் சுருண்டிருக்கிற பெட்டிக்குள் சாய்வை உணர்கிற சின்னக் குண்டு இருக்கும், வண்டி நன்றாகச் சரிந்து நின்றால் அது உருண்டு பெல்ட்டைப் பூட்டிவிடும். தோட்டத்து ஏற்றத்தில் நிறுத்திவிட்டு எவ்வளவு இழுத்தாலும் வராதுதான். மட்டமான இடத்துக்குக் கொண்டுபோய் மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

இழுத்தது திரும்ப உள்ளே போகாமல் தொங்கினால், தோளுக்கு மேலே பெல்ட் நுழைந்து வருகிற வளையத்தைப் பாருங்கள். வியர்வையும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் பசை மாதிரி ஒட்டியிருக்கும். பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து, துணிக் கிளிப் போட்டு நிறுத்தி, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வளையத்தின் உட்பக்கத்தைத் துடையுங்கள். பெல்ட்டுக்கும் அதே இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீர் போதும். பெற்றோல், பிளீச், சாயம் எதுவும் வேண்டாம், நூலின் பலம் போய்விடும். சுருள் பெட்டிக்குள் எண்ணெய் அடிக்கவே அடிக்காதீர்கள். அப்புறம் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்துப் பனியில் பெல்ட் லேசில் காயாது. ஈரத்தோடு உள்ளே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் நன்றாகக் காயும்வரை கிளிப்பை எடுக்க வேண்டாம்.

டிரிம்மை, அதாவது உள்பக்கத்து பிளாஸ்டிக் மூடிகளை, கழற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் பற்றரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டு, அந்த மொடலுக்குச் சொல்லியிருக்கிற நேரம் வரை பொறுங்கள். சீட்டுக்குள் சைட் எயார்பேக் இருக்கலாம், பெல்ட்டை இறுக்குவதற்கு வெடிமருந்து வைத்த கருவியும் இருக்கலாம். இவற்றின் வயரில் வருகிற மஞ்சள் பிளக்கைக் கண்டால் கையை எடுத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள். குளிர்ந்த காலையில் பிளாஸ்டிக் கிளிப்புகள் பட்டென்று உடையும், கொஞ்சம் வெயில் ஏறட்டும். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு மனசு கேட்காத விஷயம் பின் சீட்டுதான். இலங்கையில் 2011இல் சட்டம் வந்த பிறகு முன்னால் இருக்கிறவர்கள் பெல்ட் போடுகிறார்கள். பின்னால் பிள்ளைகள் இருக்கிற இடத்திலோ, புதுக் கவர் போடும்போது பெல்ட்டை மாட்டுகிற பக்கிளும் பெல்ட்டைத் தாங்குகிற சின்ன வழிகாட்டியும் கவருக்கு அடியில் புதைந்துபோகின்றன. இந்த வளைவுப் பாதைகளில் அந்தப் பெல்ட் கட்டாயம் வேண்டும். கவர் தைக்கக் கொடுக்கும்போதே அவற்றுக்கு வெட்டு விடச் சொல்லுங்கள், எயார்பேக் உள்ள சீட் என்றால் பக்கவாட்டை மூடித் தைக்க விடாதீர்கள். வண்டியை எடுக்கும்போது ஒவ்வொரு பெல்ட்டையும் சட்டென்று இழுத்துப் பாருங்கள், பூட்டாத ஒன்று இருந்தால் சரிபார்க்கும்வரை அந்த இடத்தில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.