டீச்சர் வாயை மூடிக்கொள்ளும் மூன்று விநாடி

தலைஞாயிறு பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் மொழி ஆய்வகம் கிடையாது. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஒரு தட்டிதான். ஆனாலும் இங்கிலீஷ் டீச்சரிடம் படிக்கிற பிள்ளைகள் வாய் திறந்து பேசுகிறார்கள். அவரிடம் அப்படி என்ன இருக்கிறது?"

போன ஆடியில் அந்த வகுப்பில் ஒரு பாடவேளை உட்கார்ந்திருந்தேன். பழைய பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார், தமிழில் சந்தேகம் கேட்டவர்களை அதட்டவில்லை. நல்ல ஆசிரியர்கள் பலரும் செய்வதுதான். என்னைக் கட்டிப்போட்டது வேறு. கேள்வி கேட்டதும் அவர் பேசாமல் நின்றார்.

1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு நேரத்தை அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார். பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார், அல்லது தானே சொல்லிவிடுகிறார். அதையே மூன்று விநாடியாக நீட்டச் சொன்னபோது பதில்கள் பல மடங்கு நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, வாயே திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். மனதை உறுத்தும் இன்னொன்றையும் அவர் கண்டார். மந்தம் என்று ஆசிரியர் நினைக்கும் பிள்ளைக்குத்தான் இருப்பதிலேயே குறைந்த நேரம் கிடைக்கிறது. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக, குறைவாக வந்து சேரும் கடைமடை விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்த மூன்று விநாடிக்குள் தலைக்குள் என்ன நடக்கிறது? ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைத் தாய்மொழியில் சொல்லவே சுமார் 0.6 விநாடி ஆகிறது. அது ஒரே சொல்லுக்கு. "நேற்று எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்தது" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: "வாட்டர் கேம் டு அவர் ஃபீல்ட் எஸ்டர்டே." தமிழில் கடைசியில் நின்ற "வந்தது" இரண்டாம் இடத்துக்கு ஓடிவர வேண்டும். முதலில் நின்ற "நேற்று" கடைசிக்குப் போக வேண்டும். வயலின் வாலில் ஒட்டியிருந்த "-க்கு" கழன்று, "டு" என்று முன்னால் போய் நிற்க வேண்டும். கேள்வியைப் புரிந்துகொண்டு, சொற்களைத் தேடி, அவை நழுவிவிடாமல் நினைவில் பிடித்துக்கொண்டே வரிசையையும் மாற்ற வேண்டும். இத்தனைக்கும் ஒரு விநாடி எப்படிப் போதும்? அறிவியல் வகுப்புக்கே மூன்று விநாடி தேவைப்பட்டது. பிறமொழியில் பேசும் பிள்ளைக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

கூத்தனூர் சரஸ்வதி சந்நிதியில் பேனாவை வைத்துக் கும்பிடுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. "வயல்காட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது" என்பதுதான் நான் அஞ்சும் மூடநம்பிக்கை. திரைகளும் கருவிகளும் வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை, நம் வகுப்பறைகளில் இந்த மௌனத்தை அளந்து பார்க்கும் ஆய்வுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அன்று கடைசி வரிசைச் சிறுமியிடம் கேள்வி வந்தது: "வென் டிட் த வாட்டர் கம்?" கை தூக்கிய மற்றவர்களை டீச்சர் கண்ணாலேயே அமர்த்தினார். சாக்பீஸ் விரலிடுக்கில் அப்படியே இருந்தது. சிறுமி பக்கத்துத் தோழியிடம் தமிழில் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு, "வாட்டர் கம் எஸ்டர்டே."

பிழைதான். டீச்சர் திருத்தவில்லை, தலையசைத்துவிட்டு மறுபடியும் காத்திருந்தார். பதிலுக்குப் பின் வரும் இந்த இரண்டாவது மௌனத்தையும் ரோ தனியே அளந்திருக்கிறார். சிறுமியின் உதடு ஒருமுறை சத்தமில்லாமல் அசைந்தது.

"கேம்... வாட்டர் கேம் எஸ்டர்டே நைட், மிஸ். ஃப்ரம் மேட்டூர்."