வடிவாய்த்தான் இருக்கு தம்பி, வாசிக்கத்தான் ஏலாமல் இருக்கு

போன மாதம் ஒரு தம்பி என்னிடம் வந்தார், வயது 22. மோட்டார் சைக்கிளைப் பொலிஸார் மறித்து வழக்குப் போட்டுவிட்டார்கள், திங்கட்கிழமை நீதிமன்றத்துக்கு வரவேண்டும், "மிஸ், பைன் எவ்வளவு வரும்?" அதை மட்டும்தான் கேட்டார். வழக்கு இலக்கத் தகடு பற்றியது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கொடுத்த தகட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, ஸ்டிக்கர் கடையில் வெட்டிய கறுப்புத் தகடு ஒன்றைப் பூட்டியிருக்கிறார். போனில் படம் காட்டினார். சாய்வான வெள்ளி எழுத்து, ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு வால், அதற்கு மேல் புகைக் கண்ணாடி மாதிரி ஒரு மூடி, பழைய தகடுகளில் மாகாண எழுத்து இருக்கும் இடத்தில் சின்னதாய் 'அம்மா'. "சும்மா வடிவுக்குத்தான் மிஸ்" என்றார்.

கோபப்பட நினைத்தேன், முடியவில்லை. ஏனென்றால் அந்த 'அம்மா' குவைத்தில் 6 வருடம் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசில்தான் அந்த மோட்டார் சைக்கிளின் லீசிங் கட்டி முடிந்திருக்கிறது. தாயின் பெயரை எங்கேயாவது எழுதவேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியதில் ஒரு பிழையும் இல்லை. எழுதிய இடம்தான் பிழை.

நான் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீதி விபத்து, மோட்டார் வாகன வழக்குகளில் தோன்றுகிற சட்டத்தரணி. இங்கே சொல்லும் ஆட்களை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். இலக்கத் தகட்டை இப்படி வடிவாக்குவது ரசனையா, பகட்டா என்று பெடியள் தங்களுக்குள் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் அலுமாரியில் ஒரு கோப்புக்குள் இருக்கும் சிகரெட் பெட்டி மட்டை.

ஏ-35 வீதி, அதாவது பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதி, தருமபுரம் தாண்டி விசுவமடுப் பக்கம். கார்த்திகை மாதம், மழை விட்டு ஆறரை மணி இருக்கும். வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அக்காவை ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் வந்து அடித்தது. அடித்தவர் கொஞ்சத் தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறார், பிறகு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில் மரக்கறி விற்றுக்கொண்டிருந்த பெடியன் பத்துச் செக்கனுக்குக் குறையாமல் அந்தப் பின் தகட்டைப் பார்த்திருக்கிறான். நல்ல கண், நல்ல புத்தி, உடனே கையில் கிடைத்த மட்டையைக் கிழித்து எழுதியும் வைத்தான். அந்த மட்டையில் எழுத்துகள் சரியாக இருக்கின்றன, முதல் இரண்டு இலக்கமும் சரி. மூன்றாவது இலக்கத்தை 3 என்று எழுதி, அதன் மேலேயே 8 என்று எழுதி, திரும்பவும் 3 ஆக்கப் பார்த்து, பேனை மட்டையைக் கிழித்துவிட்டது. "சுழிச்சுச் சுழிச்சு எழுதியிருந்தது அக்கா, எது எண்டு தெரியேல்லை" என்று என்னிடம் சொன்னபோது, தான் ஏதோ குற்றம் செய்தவன் மாதிரி நின்றான்.

3 என்று தேடியபோது அந்த இலக்கம் ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு ஐயாவுடையது. எஞ்சின் இறக்கிய பழைய மோட்டார் சைக்கிள், வீட்டுப் பின்பக்கம் புளிய மரத்தடியில் சாய்த்தபடி கிடக்கிறது, கோழி ஏறிப் படுக்கிறது. ஆனாலும் அவரைப் பொலிசுக்கு மூன்று தரம் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தரமும் பஸ் ஏறி வந்து, வாங்கில் இருந்து, அன்றைய கூலியை இழந்து போனார். கடைசித் தரம் தன் வாகனப் பதிவுப் புத்தகத்தைச் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்து, "பிள்ளை, நான் ஒருத்தரையும் இடிக்கேல்லை" என்று என்னிடம் சொன்னார், நான் அவருடைய சட்டத்தரணியே இல்லை. 8 என்று தேடியதில் கிடைத்த வாகனம் விபத்துக்கு முதலே கைமாறி, வாங்கியவர் பெயர் மாற்றாமல், அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு வழக்கு நகரவில்லை. அந்த அக்காவின் இடது காலுக்குள் இன்றைக்கும் கம்பி இருக்கிறது.

இலக்கத் தகடு இருப்பது றோட்டில் விழுந்து கிடக்கிறவருக்காக. வாகனம் உங்களுடையது, டாங்கி உங்களுடையது, சீற், மட்கார்ட், கண்ணாடி எல்லாம் உங்களுடையது, அந்த ஒரு சாண் தகடு மட்டும் உங்களைப் பார்க்கிற மற்றவர்களுக்குச் சொந்தம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான், மீதியெல்லாம் அதற்கான விளக்கம்.

"வெளிநாட்டில் எல்லாரும் செய்யினம்தானே மிஸ்" என்று கேட்பவர்களும் உண்டு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு லண்டனிலிருந்து வந்த ஒரு உறவினர் தன் காரின் படத்தைக் காட்டினார், அவருடைய முதலெழுத்துகளும் மகள் பிறந்த ஆண்டும் தகட்டில் இருந்தன. பிரித்தானியாவில் அதற்குரிய அரச நிறுவனமே இப்படிப்பட்ட இலக்கங்களை விற்கிறது, 250 பவுண் அளவிலிருந்து தொடங்குகிறது. ஆனால் நம் பெடியள் கவனிக்காத ஒன்று அந்தப் படத்திலேயே இருந்தது. முன் தகடு வெள்ளை, பின் தகடு மஞ்சள், கறுப்பு எழுத்து, நம் நாட்டைப் போலவேதான். எழுத்தின் உருவம், உயரம், இடைவெளி எல்லாம் சட்டப்படி. காசு கொடுத்து விற்பனைக்கு உள்ள இலக்கத்தை வாங்கலாம், ஆனால் பெயர் மாதிரித் தெரியட்டும் என்று இரண்டு எழுத்தைக் கொஞ்சம் நெருக்கி ஒட்டினாலே குற்றம், 1,000 பவுண் வரை தண்டம், வருடாந்தப் பரிசோதனையிலும் வாகனம் தேறாது. அங்கே சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகிறவரை முதலில் 20 மீற்றர் தூரத்தில் நிற்கும் ஒரு வாகனத்தின் இலக்கத்தை வாசிக்கச் சொல்லுகிறார்கள். தகட்டை வாசிக்க முடியாதவர் ஓடவே கூடாது என்கிற ஊரில், வாசிக்க முடியாத தகட்டை எப்படி விடுவார்கள்?

துபாயில் 2023 ஏப்ரலில் 'பி 7' என்கிற தகடு 55 மில்லியன் திர்ஹாமுக்கு ஏலம் போனது, உலக சாதனை. அந்தப் பணம் ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் திட்டத்துக்குப் போனது. அவ்வளவு காசு கொட்டியவர்கூட வாங்கியது சுத்தமான ஒரு எழுத்தும் ஒரு இலக்கமும்தான், எந்தக் குழந்தையும் தூரத்தில் நின்றே வாசிக்கும். ரசனையைப் பற்றிக் கேட்டால் என் பதில், விலையைக் காட்டுவதற்காக வாங்கும் இலக்கம் எனக்குப் பகட்டாகத்தான் படுகிறது, மகள் பிறந்த ஆண்டு படவில்லை. அதைப் பார்க்கும்போது அந்த லண்டன் உறவினரின் முகம் மாறியதை நான் கண்டேன்.

நம் நாட்டில் எழுத்தும் இலக்கமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தொடர் வரிசையில் வருகின்றன. அதற்குள்ளும் ஆட்களுக்கு ஆசை உண்டு, கூட்டினால் 8 வரக்கூடாது, 9 வந்தால் நல்லது, சாத்திரியார் சொன்னார் என்று. அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. வாங்க முதல் கூட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் வேறு வாகனம் பாருங்கள். வாங்கிய பிறகு 8 ஐ வேறு ஏதோ மாதிரித் தெரியும்படி வெட்டி ஒட்டாதீர்கள், 8055 ஐ ஆங்கிலத்தில் 'பொஸ்' என்று வாசிக்கும்படி வளைக்காதீர்கள்.

இதைச் சின்ன விசயம் என்று நான் நினைக்காததற்கு வேறு காரணமும் உண்டு. தகட்டில் ஒரு எழுத்துக்காக அடிபட்ட சனம் நாங்கள். 1958 இல் வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ வந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் அதைத் தார் பூசி அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள், பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் தார் பூசினார்கள், அந்த ஏப்ரலில் பிரதமர் பண்டாரநாயக்க தந்தை செல்வாவோடு செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது, மே மாதம் தமிழருக்கு எதிரான கலவரம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால், தகட்டில் என்ன இருக்கிறது என்பது மனிதரை எவ்வளவு தொடும் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம், கொடுத்த இலக்கமே நம்முடையதாகிவிடுகிறது. 2009 இல் முள்ளிவாய்க்கால் பக்கம் மணலுக்குள் விட்டுவிட்டு வந்த மோட்டார் சைக்கிளின் இலக்கத்தை இன்றைக்கும் மூச்சு விடாமல் சொல்லுகிற ஆட்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஒரு அண்ணை, அந்த இலக்கத்தைச் சொல்லிவிட்டு, பின்னால் யார் யார் ஏறியிருந்தார்கள் என்றும் சொல்லுவார். அதை யாரும் விலைக்கு வாங்கவில்லை, வளைக்கவும் இல்லை. 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது, கடைசி இலக்கம் 0, 1, 2 இற்குச் சில நாள், 3, 4, 5 இற்கு வேறு நாள் என்று பிரித்தார்களே, வீட்டில் அம்மம்மாவுக்குக்கூடப் பேரனின் கடைசி இலக்கம் பாடம்.

ஸ்டிக்கர் ஒட்டுகிற பெடியளோடு ஒரே மூட்டையில் கட்டக்கூடாத இன்னொரு கூட்டம் இருக்கிறது. இரவில் மணல் ஏற்றும் டிப்பர்கள். தகட்டில் சேற்றை அப்பி, கிறீஸ் பூசி, சிலவேளை பின் தகடே இல்லாமல் காட்டுப் பாதையால் வந்து பிரதான வீதியில் ஏறும். அது அழகுக்காகச் செய்வது இல்லை, தெரிந்தே ஒளிவது. ஆனால் றோட்டோரம் நின்று பார்க்கிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் வாசிக்க முடியாது. உங்கள் மகன் ஆசைக்கு மாட்டிய தகடு, அவனை ஒளிந்து ஓடுகிறவர்களின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 2025 தை மாதம் பொலிஸார் பஸ், ஓட்டோக்களின் மேலதிக அலங்காரங்களைக் கழற்றச் சொன்னபோது நிறையப் பேர் கவலைப்பட்டார்கள், சாமிப் படத்தைக் கழற்றச் சொல்லலாமா என்று என்னிடமும் வந்து கேட்டார்கள். அந்தக் கவலை எனக்கு விளங்கியது. தகட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தகடு உடைந்தால் ஸ்டிக்கர் கடைக்குப் போகாமல் திணைக்களத்துக்கு விண்ணப்பியுங்கள், தொலைந்தால் பொலிஸில் முறைப்பாடு போட்டு அந்தப் பிரதியோடு விண்ணப்பியுங்கள், பற்றுச்சீட்டை வாகனத்திலேயே வையுங்கள். வாகனத்தை விற்றால் வாங்கியவர் பெயர் மாற்றும்வரை விடாதீர்கள். விபத்தைக் கண்டால் முழு இலக்கத்தையும் பிடிக்க நினைத்துத் தடுமாற வேண்டாம், கடைசி நான்கு இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள், நிறம், ஹெல்மெட், எந்தப் பக்கம் போனது என்பதையும் சேருங்கள். 1990 இற்கு அம்புலன்ஸ், 119 இற்குப் பொலிஸ். இடித்த வாகனம் பிடிபடாமலே போனாலும் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அடையாளம் தெரியாத வாகனத்தால் அடிபட்டவர்கள் வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம், அதற்குப் பொலிஸ் முறைப்பாடும் வைத்தியசாலைப் பதிவுகளும் கையில் இருக்கவேண்டும். விசுவமடு அக்காவுக்கு அந்த வழி இருப்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை, என்னிடம் வந்து சேரும்போது ஒன்றரை வருடம் போய்விட்டது.

அந்தத் தம்பியிடம் தண்டப்பணம் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, அந்த மட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். கனநேரம் பார்த்தார். பிறகு தன் போனில் தன் தகட்டின் படத்தைப் பெருப்பித்து, மூன்றாவது இலக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இருந்தார். அவருடையதும் 8 தான்.

திங்கட்கிழமை நீதிமன்றத்துக்கு வரும்போது திணைக்களத் தகடு பூட்டியிருந்தது, நான்கு மூலையிலும் புது ஸ்குரூ. 'அம்மா' இப்போது பெற்றோல் டாங்கியில் இருக்கிறது, முன்பைவிடப் பெரிதாய், நல்ல சிவப்பில். வாசலில் நின்று தூரத்திலிருந்தே வாசித்தேன், இலக்கத்தையும்தான்.