ஒரு கிளை ஷார்ட் ஆனாலும் பஸ் பேசும்: 1553 கப்ளரின் கணக்கு

"சூலூர் தளத்துத் தேஜஸ் விமானத்தில் அத்தனை மின்னணுப் பெட்டிகளும் ஒரே ஜோடிக் கம்பியில் பேசிக்கொள்கின்றன என்கிறார்கள். ஒரு பெட்டி ஷார்ட் ஆனால் எல்லாமே ஊமையாகிவிடாதா?" கோத்தகிரியிலிருந்து பாலிடெக்னிக் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது.

ஆகாது. மாற்றுக்கு இரண்டாவது ஜோடிக் கம்பி ஒன்று வழக்கமாக உண்டு என்றாலும், முதல் காவல் அதுவல்ல. ஒவ்வொரு பெட்டியின் கிளைக் கம்பியையும் பொதுக் கம்பியோடு இணைக்கும், கட்டைவிரல் அளவுக்குள்ளேயே அடங்கிவிடக்கூடிய கப்ளர்தான் அந்தக் காவல்.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். எல்லாப் பெட்டிகளும் பகிரும் இந்தப் பொதுக் கம்பிப் பாதைதான் தகவல் பஸ். அதன் தரத்தின் பெயர் மில்-எஸ்டிடி-1553. அமெரிக்க விமானப்படைக்காக 1973-இல் வந்தது. இன்று புழங்கும் 'பி' வடிவம் 1978-இல் வந்தது. வேகம் நொடிக்கு 10 லட்சம் பிட். ஒரே ஒரு கன்ட்ரோலர் கேள்வி கேட்கும். பதில் சொல்லும் பெட்டிகள், அதாவது டெர்மினல்கள், அதிகபட்சம் 31. கேட்கப்பட்டது மட்டும் 4 முதல் 12 மைக்ரோ வினாடிக்குள் பதில் சொல்லும். ஒவ்வொரு பிட்டும் பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே இருக்கும் மான்செஸ்டர் குறியீடு. சராசரி பூஜ்யம் என்பதால் சிக்னல் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தடையின்றிப் போகும்.

கேபிள், ஷீல்டு போர்த்திய முறுக்கு ஜோடி. அடிக்குக் குறைந்தது நான்கு முறுக்கு. இம்பீடன்ஸ், அதாவது அலைக்குக் கேபிள் காட்டும் எதிர்ப்பு, பெரும்பாலும் 78 ஓம். கேத்திப் பள்ளத்தாக்கின் ஓரத்தில் நின்று கூப்பிட்டால் எதிர்மலை குரலைத் திருப்பி அனுப்பும். கேபிளிலும் இம்பீடன்ஸ் மாறுகிற இடமெல்லாம் எதிர்மலைதான். அலை அங்கே மோதித் திரும்பும். அதனால்தான் பஸ்ஸின் இரு முனைகளிலும் 78 ஓம் டெர்மினேட்டர். வந்த அலையை அது விழுங்கிவிடும். ஆனால் நடுவில் பெட்டிகளுக்குப் பிரியும் ஒவ்வொரு கிளையும், அதாவது ஸ்டப்பும், ஒரு சின்ன எதிர்மலை. அதை என்ன செய்வது?

அதே கேத்தியின் காரட் தோட்டத்தில் விடை இருக்கிறது. ஒரே மெயின் பைப்பிலிருந்து பல ஸ்பிரிங்க்ளர் கிளைகள் பிரிகின்றன. ஒரு கிளைக் குழாய் வெடித்தால் மற்ற கிளைகளில் தண்ணீர் எழும்பாது. ஒவ்வொரு கிளையின் வாயிலும் வால்வைப் பாதி இறுக்கி வைத்திருந்தால், வெடித்த கிளை கொஞ்சம்தான் குடிக்கும். கப்ளரில் அந்த வால்வு இரண்டு மின்தடைகள். பஸ்ஸின் ஒவ்வொரு கம்பியிலும் ஒன்று, ஒவ்வொன்றும் கேபிள் இம்பீடன்ஸில் முக்கால் பங்கு. 78 ஓம் கேபிளுக்கு 58.5. அவற்றுக்குப் பின்னால் 1:1.41 சுற்று விகிதம் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர். அதிகச் சுற்று மின்தடைகள் இருக்கும் பக்கம்.

ஏன் முக்கால்? ஏன் 1.41? பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள், இங்கேதான் அழகு. ஸ்டப்பிலிருந்து பஸ்ஸைப் பார்த்தால் முதலில் இரண்டு மின்தடைகள்: 117 ஓம். பிறகு பஸ். அது இரு திசையிலும் 78 ஓமாக நீள்வதால் இணையாக 39 ஓம். கூட்டினால் 156. டிரான்ஸ்ஃபார்மர் இம்பீடன்ஸை விகிதத்தின் வர்க்கத்தால் மாற்றும், 1.41-இன் வர்க்கம் 2. 156-ஐ 2-ஆல் வகுத்தால் 78. பெட்டி அனுப்பும் அலைக்கு, தன் ஸ்டப் முடிவில்லாத 78 ஓம் கேபிள் போலத் தெரிகிறது. எதிரொலியே இல்லை! இரண்டு மின்தடை, ஒரு டிரான்ஸ்ஃபார்மர். இவ்வளவு கச்சிதமாகக் கணக்கு முடியும் சர்க்யூட்டுகள் அபூர்வம்.

இப்போது மாணவியின் கேள்வி. ஸ்டப்பில் 20 வோல்ட் அனுப்பினால் டிரான்ஸ்ஃபார்மர் அதை 28 ஆக உயர்த்தும். 156-இல் 39 என்பது கால் பங்கு, ஆக பஸ்ஸில் 7 வோல்ட். வேறொரு ஸ்டப் முழு ஷார்ட் ஆகிறது என்று வையுங்கள். பஸ்ஸின் மேல் விழும் சுமை வெறும் 117 ஓம். 7 வோல்ட் ஏறத்தாழ 5.6 ஆகக் குறையும். கேட்கும் பெட்டியின் ஸ்டப்பில் 5 வோல்ட் இருந்த இடத்தில் 4. டெர்மினலுக்குக் கேட்க 0.86 வோல்ட் போதும். பேச்சு நிற்காது.

ஸ்டப் 20 அடியைத் தாண்டக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. கேபிளின் மின் கொள்ளளவு (கப்பாசிடன்ஸ்) அடிக்கு 30 பிக்கோஃபாரட் வரை போகலாம். 20 அடிக்கு 600. 1 மெகாஹெர்ட்ஸில் அது 265 ஓம். பெட்டி 1000 ஓமுக்குக் குறையாமல் இருந்தும், கேபிளே அதைக் கீழே இழுத்துவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத நேரடி இணைப்புக்கு 1 அடிதான் அனுமதி.

பிழைகள் பெரும்பாலும் கனெக்டரில். மல்டிமீட்டரால் பஸ்ஸை அளப்பவர்கள் 39 ஓமை எதிர்பார்ப்பார்கள். ஆனால் நேர்மின்னோட்டத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் வெறும் கம்பிதான். ஒவ்வொரு கப்ளரும் சுமார் 117 ஓமாக இணையாகச் சேரும். பத்து கப்ளர் இருந்தால் மீட்டர் 9 ஓம் பக்கம் காட்டும். ஷார்ட் என்று எண்ணி நல்ல கேபிளை வெட்டிவிடாதீர்கள். ஸ்டப் பக்கம் அளந்தால் சுருளின் சில ஓம் மட்டுமே தெரியும். பஸ் அறுந்திருந்தாலும் அதே அளவுதான். அலைக்காட்டி (ஆஸிலோஸ்கோப்) இல்லாமல் இந்த வேலை முடியாது. டெர்மினேட்டர் கழன்றிருந்தால் அலையின் ஓரங்களில் படிக்கட்டு தெரியும். பூஜ்யத்தைக் கடக்கும் நேரம் 150 நானோ வினாடிக்கு மேல் நகர்ந்தால் அனுப்பிய சொல் பிழையாகலாம்.

ஷீல்டை வால் போல் முறுக்கி ஒரு புள்ளியில் பற்றவைப்பது தவறு. கனெக்டரைச் சுற்றி முழு வட்டமாகத் தொட வேண்டும். ஊட்டி ஜூலைப் பனிமூட்டத்தில் மூடியில்லாமல் கிடக்கும் கனெக்டர் ஈரம் குடிக்கும். அப்போது ஆட்டிப் பார்த்துச் 'சரியாகிவிட்டது' என்பது வைத்தியம் அல்ல, நம்பிக்கை. கழற்று, உலர்த்து, கம்பியை நசுக்கிப் பிடித்திருக்கும் கிரிம்ப்பைப் பார்.

ஊட்டி அருகே முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கியின் 530 மீட்டர் நீளத்தில் 1056 இருமுனை ஆன்டெனாக்கள். அவற்றின் சிக்னலைச் சேர்க்கும் கேபிள்களுக்கும் இதே இம்பீடன்ஸ் பொருத்தம்தான் உயிர். அதை நம்மவர்கள் வடிவமைத்தார்கள். அப்படிப்பட்ட மலையில், ஒரு பாலிடெக்னிக் மேசையில் இரண்டு டெர்மினேட்டர், மூன்று கப்ளர், ஒரு அலைக்காட்டி வைக்க நிதி ஒதுக்குவது பெரிய கோரிக்கை அல்ல. கணினி வாங்கப் பணம் கிடைக்கிறது. கேபிளுக்கும் கனெக்டருக்கும் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம்.

அந்த மேசையில் மாணவர்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனை: ஒரு ஸ்டப்பின் இரு கம்பிகளை மாற்றிப் போடுவது. கனெக்டரின் நடுமுள் எப்போதும் நேர்முனை, வளையம் எதிர்முனை. கட்டளைச் சொல் 1.5 மைக்ரோ வினாடி மேலே, 1.5 கீழே என்று தொடங்கும். தரவுச் சொல் நேர்மாறு. கம்பி மாறினால் கட்டளை, தரவாகக் கேட்கும். அலைக்காட்டியில் உயரமும் வடிவமும் குறையில்லாமல் இருக்கும், மீட்டரும் ஒன்றும் சொல்லாது. அந்தப் பெட்டி மட்டும் தன்னை யாரும் கூப்பிடவே இல்லை என்று உட்கார்ந்திருக்கும்.